கல்லில் இல்லாத பதினான்கு மாதம்

“வயித்தை உள்ள இழுக்காதீங்க ஐயா. அன்னிக்கு முழுக்க மூச்சு விடணும்ல.”

மருந்துக்கடைக்காரர் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். இடுப்பைச் சுற்றியிருந்த அளவு நாடா நான்கு அங்குலம் நகர்ந்தது. நாற்பத்து நாலு என்று அவள் அட்டையில் எழுதினாள்.

“போன தடவை நாப்பதுதானேம்மா?”

“போன தடவை நீங்க வேற. கையைத் தூக்குங்க.”

தூக்கினார். வலக்கையில் ஒரு தாள் இருந்தது. வந்ததிலிருந்து அதை வாசித்துக் காட்டத் துடித்துக்கொண்டிருந்தார். நினைவுக்கல்லில் வெட்டப்போகும் வாசகம் அது. கல் அவளுடைய தம்பிக்கு. நினைவுக்கல் குழுவின் தலைவர் மருந்துக்கடைக்காரர். அவள் அளவெடுத்துக்கொண்டிருந்த கோட்டு, அந்தக் கல்லைத் திறந்து வைக்கும் நாளுக்கு. கை மேலே போனதால் தாளும் மேலே போயிற்று. கூரையைப் பார்த்தபடி உரத்த குரலில் படித்தார்: தம்பியின் பெயர், பிறந்த தேதி, வீழ்ந்த தேதி. அதன் கீழே, ‘கடைசி மூச்சு வரை பாலத்தில் நின்றவன்.’

நாடா அக்குளில் நின்றது.

“அந்தத் தேதி தப்பு” என்றாள்.

“எந்தத் தேதி?”

“செத்த தேதி. அதுக்கப்புறம் பதினாலு மாசம் உயிரோட இருந்தான். எதிரியோட முகாம்ல.”

“அது ஊருக்கே தெரிஞ்சதுதானேம்மா.”

“தெரியும்ல? கல்லுல போடுங்க.”

“எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்கும்மா கல்லுல போடணும்?” என்றார் அவர், கையை இறக்காமல். இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது என்ற தெளிவு அவர் முகத்தில் இருந்தது. ஊரில் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அந்த முகம் ஒன்றுதான். ஒரே அச்சில் வார்த்தது போல.

தம்பி குள்ளம். ஊர் அவனுக்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தது. அதற்கு அவன் கோபப்பட்டதில்லை. “பொத்தான் இல்லேன்னா உங்க மானமெல்லாம் எங்கடா நிக்கும்?” என்று கேட்பான். கடையில் இரண்டு தையல் இயந்திரங்கள் எதிரெதிராக இருந்தன. அவள் வெட்டுவாள், அவன் தைப்பான். தைக்கிற நேரம் போக மீதி நேரம் வாசலில் நின்று தெருவில் போகிறவர்களின் முதுகைப் பார்ப்பான். “அக்கா, அந்த ஆளைப் பாரு. ஒரு தோள் நிக்குது, ஒரு தோள் படுத்துக்கெடக்கு. எந்தப் புண்ணியவான் தைச்சான்?” ஊரில் பாதிப் பேரை அவன் முதுகுப்பக்கமாகத்தான் அறிவான். அந்த அறிமுகத்தில் அவனுக்கு யார் மீதும் மரியாதை பிறக்கவில்லை.

படைக்கு ஆள் சேர்க்க வந்த அதிகாரியிடமும் அவன் நாக்கு சும்மா இருக்கவில்லை. “இந்தக் கால்சட்டையைப் போட்டுக்கிட்டு ஓட முடியாது சார். நின்னு சண்டை போட்டாத்தான் உண்டு” என்றான். அதிகாரி சிரித்தார். வந்து நீயே சரியாகத் தைத்துக் கொடு என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டார். படையின் தையல் பிரிவுக்குத்தான் போகிறோம் என்று பெட்டியில் மூன்று கத்தரிகளை எடுத்து வைத்துக்கொண்டு போனான் மடையன். மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. “மெஷின் ஓட்டத் தெரியும்னு சொன்னேன். துப்பாக்கி மெஷினைக் கொடுத்துட்டாங்க. நூல் போடுற எடத்துல குண்டு போடணும், அவ்வளவுதான்.”

பாலத்தில் நடந்தது இதுதான். படை பின்வாங்கியது. கடைசி வண்டியில் அவன் பிரிவின் அதிகாரி ஏறிக்கொண்டார். அடிபட்ட இரண்டு பேருக்கு வண்டியில் இடமில்லை. தம்பி இறங்கி அவர்களோடு இருந்துகொண்டான். குண்டு தீரும் வரை சுட்டான். அதற்குள் படை ஆற்றைக் கடந்து போய்விட்டது. வளைவில் திரும்பும்போது அதிகாரி பார்த்தார், பாலத்தில் ஒரு குண்டு விழுந்து புகை எழும்பியது. அன்று மாலையே அறிக்கை எழுதினார். கடைசி மூச்சு வரை என்ற சொல் அவருடையதுதான். வண்டியில் போகிறவர்களுக்குக் கீழே நிற்பவனின் மூச்சு இரண்டு மைல் தள்ளியும் தெரியும்.

தந்தி வந்தது. நகரமன்றத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். உயிரோடு இருந்த வரை பொத்தானைத் திரும்பிப் பார்க்காதவர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மருந்துக்கடைக்காரர் அப்போதே மன்றத் தலைவர். முப்பத்தாறு வரியில் ஓர் இரங்கற்பா எழுதி, அச்சடித்து, தாமே வாசித்து, வாசிக்கும்போது தாமே அழுதார். ஒரு சந்துக்குத் தம்பியின் பெயரை வைத்தார்கள். இரண்டாவது மாதம் பதக்கம் வந்தது. அவளை மேடைக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்கள். அதில் தொங்கிய நாடாவின் ஓரத்தை மடித்துத் தைக்காமல் விட்டிருந்தார்கள். நூல் பிரிந்துகொண்டிருந்தது. தம்பி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஊர் அதைப் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டது.

மூன்றாவது மாதம் தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“அக்கா, செத்தவன் எழுதியிருக்கான்!”

கைதிகளுக்குக் கொடுக்கிற அட்டை அது. நலமாக இருக்கிறேன், காயம் பட்டிருக்கிறேன், மருத்துவமனையில் இருக்கிறேன் என்று வரிகள் அச்சடித்திருக்கும். வேண்டாததை அடித்துவிட வேண்டும். கீழே இருபத்தைந்து சொல்லுக்கு இடம். தம்பி முதல் வரியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்திருந்தான். கீழே எழுதியிருந்தான்: “அக்கா, இங்கே எல்லாம் கோணல் தையல். காவல்காரன் காலர் கழுதைக் காது மாதிரி இருக்கிறது. கடையில் இருக்கும் என் பெரிய கத்தரியை யாருக்கும் இரவல் கொடுக்காதே.”

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு நகரமன்றத்துக்கு ஓடினாள். மருந்துக்கடைக்காரர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கலப்பட மருந்தைப் பார்ப்பது போல மோந்தும் பார்த்தார்.

“இது எதிரியோட தந்திரம்மா. செத்தவங்க பேர்ல எழுதி நம்ம மனசைக் கலைக்கப் பாக்குறான்.”

“என் கடையில பெரிய கத்தரி இருக்கறது எதிரிக்கு எப்படிங்க தெரியும்?”

“அதுக்குப் பேர்தாம்மா உளவு.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பொத்தான் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தியில் அந்த அறையில் ஒருவருக்கும் மகிழ்ச்சி இல்லை. எப்படி இருக்கும்? சந்துக்குப் பெயர் வைத்தாயிற்று. அழுது முடித்தாயிற்று. முப்பத்தாறு வரியில் ஒரு வரியைக்கூடப் பிரித்து, உயிரோடு இருக்கிறவனுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றித் தைக்க முடியாது. இனி அவன் உயிரோடு வந்து நின்றால் ஊரை ஏமாற்றினவன் ஆவான்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. மூன்று வாரம் அவளும் அவர்கள் பேச்சை நம்பினாள். கையெழுத்து அவனுடையதுதான், பேச்சு அவனுடையதுதான், ஆனால் கோட்டுப் போட்ட ஐந்து பேர் ஒன்றாகத் தலையாட்டும்போது தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். அட்டைக்குப் பதில் போடவில்லை. இரண்டாவது அட்டை வந்தது. “பதில் இல்லை. நீ செத்துவிட்டாயா?” அன்று அவள் கடையைச் சாத்திவிட்டு, வெட்டு மேசைக்குக் கீழே துண்டுத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். ஊர் மீது அவளுக்கு இருந்த வெறுப்பில் முதல் பங்கு எப்போதும் அவளுக்கே போகும்.

ஐந்தாவது அட்டையில் குளிர் என்று எழுதியிருந்தான். “பஞ்சு வைத்த கோட்டு ஒன்று அனுப்பு. தோள் பதினைந்து. மறந்திருப்பாய்.” அவள் மறக்கவில்லை. இரண்டே நாளில் தைத்துவிட்டாள். கைதிக்குப் பார்சல் அனுப்பலாம், அஞ்சலகத்தில் தடையில்லை. ஆனால் இன்னார் கைதியாக இருக்கிறார் என்று நகரமன்றம் ஒரு சான்று கொடுக்க வேண்டும்.

“இறந்தவங்க பதிவேட்டுல பேர் இருக்கேம்மா” என்றார் மன்றத்து எழுத்தர்.

“அதை அடிச்சுட்டு எழுதுங்க.”

“பதிவேட்டுல அடிக்கக் கூடாது.”

“அப்ப எனக்கு என்ன வழி?”

“செத்தவருக்குப் பார்சல் அனுப்ப விதி இல்லம்மா. விதி இருந்தா நான் மாட்டேன்னா சொல்றேன்?”

தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் அவரே சொன்னார். அவள் தலைவரிடம் போனாள். தலைவர் மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். மேலிடம் அவரைக் கேட்டு எழுதியிருப்பதாக எழுத்தர் சொன்னார். ஐந்து முறை கோட்டைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போனாள், ஐந்து முறை திரும்பி வந்தாள். அட்டைகள் மாதம் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. “கோட்டு வரவில்லை. துணி கிடைக்கவில்லையா, சோம்பலா?” பிறகு, “இருமல். பரவாயில்லை.” பதினொன்றாவது அட்டையில் எல்லா வரியையும் அடித்துவிட்டு ‘நலமாக இருக்கிறேன்’ என்பதை மட்டும் விட்டிருந்தான். கீழே ஒன்றும் எழுதவில்லை. அவ்வளவுதான், அட்டை நின்றுவிட்டது.

கைதிகள் மாற்றம் நடந்தபின் ஒரு நாள் கால் விந்தி நடக்கும் நெட்டையன் ஒருவன் கடை வாசலில் வந்து நின்றான். பாலத்தில் அடிபட்டுக் கிடந்த இருவரில் ஒருவன்.

“நீங்கதானே அக்கா? அவன் சொன்ன மாதிரியேதான் இருக்கீங்க.”

“என்ன சொன்னான்?”

“கோவத்துலயே பொறந்தவன்னு.”

நெட்டையன்தான் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டாவது குளிரில் நெஞ்சில் சளி கட்டிப் போனான் என்றான். தேதி சொன்னான். முகாமின் பட்டியலும் அதே தேதியோடு பின்னால் வந்தது. “சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி வரைக்கும் ஊசியைக் கீழ வைக்கல. எங்க எல்லாருக்கும் கந்தலை ஒட்டுப் போட்டுக் கொடுப்பான். திட்டிக்கிட்டேதான் கொடுப்பான். ‘உன்னையெல்லாம் காப்பாத்தினேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்’னு எங்கிட்டயே சொல்லுவான்.” சொல்லிவிட்டு நெட்டையன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தையல் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேதி கேட்டு மருந்துக்கடைக்காரர் வந்தார். நெட்டையன் சொன்னதை நின்றபடியே கேட்டார். அவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. முதுகு நிமிர்ந்தது.

“நான் அப்பவே சொன்னேனேம்மா” என்றார்.

அது நடந்து நாலு வருடம். இப்போது அதே ஆளின் அக்குளில் நாடாவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

“போர்க்கைதின்னு போட்டா கை தூக்கினான்னு ஆகிடும்மா.”

“தூக்கினான்தான். குண்டு தீந்துபோச்சு. பக்கத்துல ரெண்டு பேர் ரத்தம் கொட்டிக் கெடந்தாங்க. வேற எதைத் தூக்கறது?”

“பதக்கத்துக்கு இழுக்கு.”

“பதக்கம் நின்னதுக்குக் கொடுத்ததா, செத்ததுக்குக் கொடுத்ததா?”

“ரெண்டும் ஒண்ணா நடந்தாத்தாம்மா அழகு” என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் உள்ளது அதுதான்.

அவர் போனதும் அவள் கல் வெட்டுபவரிடம் போனாள். பட்டறையில் கல் படுத்திருந்தது. வெட்டி முடித்திருந்தார்கள்.

“அண்ணே, தேதியை மாத்தணும்.”

“கல்லுல ஏது தங்கச்சி மாத்தறது? முகத்தையே ஒரு விரக்கடை செதுக்கி எடுக்கணும். கீழ ஒரு வரிக்கு இடம் கெடக்கு பாரு. அதுல வேணா சேக்கலாம். ஆனா தலைவர் கையெழுத்தோட ஒரு தாள் வேணும்.”

“ஒரு வரிக்கு அவர் கையெழுத்தா?”

“அவர் வாசகம் அது. நாளைக்கு என் கூரையைப் பிடுங்கிடுவார்.”

கையெழுத்து. தம்பியின் கோட்டுக்கும் அதே கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை. அந்த ஆளுடைய பெயர் ஒன்றும் நீளமில்லை. இரண்டு நொடியில் போட்டுவிடுவார். மருந்துக் கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை போடுகிறார்.

திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருந்தபோது கோட்டை உடம்பில் போட்டுப் பார்க்க வரச் சொன்னாள். பதினொரு மணிக்குக் கூட்டம் இருக்கிறது, சீக்கிரம் என்று அவசரப்பட்டுக்கொண்டு வந்தார். கோட்டு இன்னும் கோட்டாகவில்லை. நூலோட்டிப் பிடித்த துண்டுகளாகத்தான் இருந்தது. அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி மேலே போட்டாள். குண்டூசியால் இடுப்பைப் பிடித்தாள், முதுகைப் பிடித்தாள், கழுத்தைப் பிடித்தாள். பிறகு இரண்டு கைகளையும் விலாவோடு சேர்த்துப் பிடித்தாள். நாற்பது ஊசிக்குக் குறையாது. பெஞ்சில் காத்திருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சோளக்கொல்லைப் பொம்மை கூட இன்னும் கொஞ்சம் தாராளமாக நிற்கும்.

“போதும்மா. கழட்டு.”

அவள் ஒரு தாளையும் பேனாவையும் வெட்டு மேசை மேல் வைத்தாள்.

“இதுல ஒரு கையெழுத்து வேணும்.”

அவர் தலையை மட்டும் திருப்பிப் படித்தார். கல்லின் கீழே ஒரு வரி சேர்க்கக் குழுவுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தது.

“என்னம்மா இது? என்னை மெரட்டறியா?”

“நான் என்னங்க பண்ணேன்? ஊசி குத்தியிருக்கேன். தொழில்.”

“நானே கழட்டிக்குவேன்.”

“தாராளமா. எங்கெங்க குத்தியிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். அசையாதீங்க, விலாப்பக்கம் ரெண்டு ஊசி உள்ளுக்குப் பாத்து நிக்குது.”

பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் வேலை செய்தது. தெருவில் போன இரண்டு பேர் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். மணி பத்தே முக்கால். மன்றத்தின் காவலாளி வேறு வந்து, ஐயா எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க என்று வாசலில் நின்றான். மருந்துக்கடைக்காரரின் கழுத்தில் வியர்வை புதுத் துணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“வலக்கையை விடு” என்றார்.

விட்டாள். இரண்டு நொடிதான் ஆயிற்று.

“இதை நாளைக்கே ரத்து பண்ணிடுவேன், தெரியும்ல?”

“பண்ணுங்க. கோட்டுக்கு இன்னும் இடது கை தைக்கல. விழா அன்னிக்குக் காலையிலதான் தைக்கலாம்னு இருக்கேன்.”

அவர் ரத்து செய்யவில்லை. தலைநகரிலிருந்து ஒரு துணைச் செயலர் வருவதாக இருந்தது. ஒற்றைக் கைக் கோட்டோடு அவர் முன் நிற்பதை மருந்துக்கடைக்காரர் மனதில் ஒருமுறை பார்த்திருப்பார்.

கல் வெட்டுபவர் தாளை வாங்கி, படித்து, மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். “என்ன வெட்டணும்?” என்றார். அவள் தேதியைச் சொன்னாள். “எதிரி முகாமில், கைதியாக, நோயால் இறந்தான்.”

“நோயாலன்னு வேணுமா தங்கச்சி? மத்தது இருக்கட்டும். அது ஒரு மாதிரி இருக்கு.”

“மூணு எழுத்துதானே அண்ணே. வெட்டுங்க.”

கடைசி எழுத்து விழும் வரை பக்கத்தில் நின்றாள். கல்தூள் அவள் புடவையில் படிந்தது. அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. துணியை விலக்கியதும் என்ன நடக்கும் என்று விதவிதமாக எண்ணிப் பார்த்தாள். ஊர் கொந்தளிக்கும். யாராவது சுண்ணாம்பை எடுத்துப் பூச வருவார்கள். கேள்வி வரும். கேள்வி வந்தால் பதினொரு அட்டையும் கைப்பையில் தயாராக இருந்தன. எழுத்தர் சொன்னது, தலைவர் சொன்னது, ஐந்து முறை திரும்பிய பொட்டலம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆளாவது கேட்டால் போதும்.

விழா பத்து மணிக்கு. கோட்டு நன்றாகப் பொருந்தியிருந்தது. அதில் அவள் குறை வைக்கவில்லை. துணைச் செயலர் துணியை இழுத்தார். கல் தெரிந்தது. கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் கல்லுக்கு முன்னால் நின்று பழைய இரங்கற்பாவை, ஒரு எழுத்தும் மாற்றாமல், முப்பத்தாறு வரியும் வாசித்தார். கடைசி மூச்சு வரை பாலத்தில் நின்றாய் என்ற இடத்தில் குரல் உடைந்தது. அவருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, பாலத்துக்குப் பிறகு பதினான்கு மாதம் மூச்சு விட்டவனின் தேதி இருந்தது. அவள் கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் கல்லைப் பார்க்கவில்லை. செயலரைப் பார்த்தார்கள். செயலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முடிந்து கலையும்போது அந்தப் பழைய எழுத்தர், இப்போது ஓய்வு பெற்றவர், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லுக்குக் கிட்டே போனார். அவள் கைப்பையைத் திறந்தாள். அவர் குனிந்து கடைசி வரியின் தேதி வரைக்கும் வந்தார்.

“என்னய்யா, செத்த தேதி ரெண்டு போட்டிருக்கான்?” என்றார் பக்கத்தில் நின்றவரிடம்.

“ஒண்ணு கல்லு நட்ட தேதியா இருக்கும்.”

“அதுவும் சரிதான்” என்றார் எழுத்தர். கண்ணாடியைக் கழற்றினார். இருவரும் தேநீர் கொடுக்கிற பந்தலுக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மருந்துக்கடைக்காரர் அவளைத் தேடி வந்தார். கையில் தேநீர்க் கோப்பை. கோபம் இல்லை. நல்ல மனநிலையில்தான் இருந்தார்.

“பாத்தியாம்மா? ஒண்ணும் ஆகல. நானும் வீணாத்தான் பயந்துட்டேன். இவ்வளவுதான்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

அவள் பையை மூடினாள். தம்பியாக இருந்தால் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தாள். இயந்திரத்தின் வார் அறுந்திருந்தது, மாற்றினாள். இரண்டு பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் அடித்தாள். ஒரு பெண் வந்து ரவிக்கை பிடிக்கிறது என்றாள், பிரித்துக் கொடுத்தாள். மதியம் தூறல் போட்டது, வாசலில் மாட்டியிருந்த துணிகளை உள்ளே எடுத்தாள். தபால்காரர் மின் கட்டணச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கல் வெட்டுபவர் தன் மகனின் கால்சட்டையை நீட்டித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார், வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ஐந்தரை மணிக்கு வெட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கடையைச் சாத்தினாள்.